கருக்காக்குறிச்சிப் பொன்னும் இரண்டு பழம் பாஷைகளும்



தமிழ்க் கல்வியின் வளர்ச்சி கருதி நிறுவப்பெற்ற ஓர் அறக்கட்டளையின் சார்பில், புதுக்கோட்டை நகரிலே கூடியுள்ள இந்த அவையில், கிரேக்கத்தையும் லத்தீனையும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய பாடங்களாகப் பயில்வதைக் குறித்து ஒருவன் பேச முற்படும்போது, எங்கோ மத்தியதரைக் கடற்கரையில் பேசப்பட்டு, வீட்டு வழக்கிலிருந்து எப்போதோ நீங்கிவிட்ட அப்பாஷைகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி கேட்போர் உள்ளத்தில் எழுவது இயற்கையே. அக்கேள்வியை நான் வரவேற்கிறேன். தமிழருடைய பூர்வ சரித்திரத்தின் ஒரு பகுதி அவ்விரு பாஷைகளிலும் எழுதப்பட்டுக் கிடக்கிறது என்பதும், அப்பகுதியை நாம் பெரும்பாலும் பிறர் செய்த மொழிபெயர்ப்புகளின் துணை கொண்டே இன்றுவரை படித்து வந்திருக்கிறோம் என்பதும், தமிழையும் அவற்றையும் ஒருங்கே கற்ற புலவர் பரம்பரை ஒன்று இந்நாட்டில் தோன்றினாலன்றி இக்குறை தீராது என்பதுமே இன்று நான் தங்கள் முன் வைக்க விரும்பும் அபிப்பிராயம்.

அதற்குரிய முதற் சான்றைத் தேடி நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. இந்நகருக்குக் கிழக்கே, ஆலங்குடி வட்டாரத்திலுள்ள கருக்காக்குறிச்சியில், இப்பகுதி தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1898-ஆம் ஆண்டில், ரோமாபுரிப் பொற்காசுகள் 501 ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையில் கி.பி. முதல் நூற்றாண்டை ஆண்ட சக்கரவர்த்திகளின் உருவமும் பெயரும் பொறித்தவை அவை. நாணய சாஸ்திர நிபுணரான ஜி.எப். ஹில் என்பவர் அவற்றை ஆராய்ந்து, அதே ஆண்டில் லண்டன் நாணயவியல் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசுகளில் ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்தைச் சென்றடைந்தது. அந்தக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமீது உளியால் வெட்டிய ஆழ்ந்த கோடு ஒன்று காணப்படுகிறது. அந்நியனுடைய நாணயம் என்ற தகுதியை நீக்கி, எடைக்கு எடை பொன்னாக மட்டும் அதை மதிப்பதற்காக வெட்டினார்களா, உள்ளே மட்டமான உலோகம் உண்டா என்று சோதிப்பதற்காக வெட்டினார்களா, தலையின் மீதே வெட்டு விழுவதற்கு வேறு காரணம் ஏதேனும் உண்டா என்று அறிஞர்கள் பலபடக் கூறுகின்றனர். வெட்டியவர்கள் இந்நாட்டவர் என்றால், அதற்குக் காரணம் காண வேண்டிய பொறுப்பும் இந்நாட்டவருக்கு உண்டு அல்லவா?

டைபீரியஸ் சக்கரவர்த்தியின் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விளிம்பைச் சுற்றிச் சில எழுத்துகள் உள்ளன. எழுத்துகளை அறிந்த சிறுவனும் அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிவிடுவான். ஆயினும் அவை முழுச் சொற்கள் அல்ல. சொற்களின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி நிறுத்திய குறுக்கங்களை விரித்து, வேற்றுமையை உணர்ந்து, எந்தப் பெயர் எதனுடன் இயைகிறது என்று கண்டால்தான், தெய்வ நிலை எய்திய அகஸ்டஸின் புதல்வன் டைபீரியஸ் என்ற பொருளும், மறுபுறத்தில் தலைமைப் புரோகிதர் என்ற பட்டமும் புலனாகும். இறந்த தந்தையைத் தெய்வமாக்கி, அத்தெய்வத்தின் மகன் என்ற உரிமையால் ஆட்சி நடத்திய ஓர் அரசியல் முழுவதும் அந்தச் சில எழுத்துகளில் அடங்கியிருக்கிறது. லத்தீன் இலக்கணத்தின் முதற் பாடத்தை இந்த ஜில்லாவில் நடத்த வேண்டுமானால், அப்பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் வேறு கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

காசு பேசாமல் விட்ட செய்திகளை நூல்கள் பேசுகின்றன. எகிப்திலிருந்து புறப்பட்டு நம் கடற்கரைகளைக் கண்ட ஒரு வணிகன், கி.பி. முதல் நூற்றாண்டில், இலக்கிய அலங்காரம் எதுவுமின்றி, கணக்கெழுதுகிறவனுடைய கிரேக்கத்தில் எழுதி வைத்த 'செங்கடல் வழிகாட்டி' என்ற பெரிப்ளூஸ் இவற்றில் தலையாயது. இன்று நமக்கு அந்நூலைத் தருவது பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஒரே ஒரு சுவடி. அது ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரத்து நூல்நிலையத்தில் இருக்கிறது. மேற்குக் கடற்கரைத் துறையான முசிறியைப் பற்றி விரிவாகச் சொல்லும் அவ்வணிகன் கீழைக் கடற்கரைக்கு வரும்போது சுருக்கமாகவும் தயக்கத்துடனும் பேசுகிறான். உள்நாட்டில் 'அர்காரு' என்ற ஊர் இருப்பதாகவும், அவ்வூர்ப் பெயரால் வழங்கும் துகில் ஒன்று உண்டு என்றும் அவன் கூறுவதை உறையூர் என்று பலரும் கொள்கின்றனர். ஏடு எழுதியவர் செய்த பிழைகள் இப்பகுதியில் மலிந்திருக்கின்றன. எழுத்து எந்த இடத்தில் பிறழ்ந்தது, தமிழ்ப் பெயரைக் கிரேக்கச் செவி எவ்வாறு கேட்டிருக்கும், படியெடுத்தவர் கண் எங்கே தடுமாறியிருக்கும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்க, சுவடியைக் கிரேக்கத்தில் படிக்கவும், கடற்கரை ஊர்களின் பெயர்களைத் தமிழில் உணரவும் வல்ல ஒருவர் தேவை. அந்நூலை ஆங்கிலப்படுத்திய மெக்ரிண்டில், ஷாப், காஸன் முதலியோர் நம் நன்றிக்குரியவர்கள். ஆனால் தமிழ் அவர்களுடைய துறை அன்று. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' என்னும் பொருள்பட 1904-இல் ஆங்கில நூல் வெளியிட்ட வி. கனகசபைப் பிள்ளை அவர்களோ, சங்க நூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவராயிருந்தும், கிரேக்கச் செய்திகளுக்கு மெக்ரிண்டில் போன்றோரின் மொழிபெயர்ப்பையே நம்ப வேண்டியிருந்தது. இரு சாராரும் தத்தம் அளவில் பேரறிஞர்களே. எனினும் ஒருவர் நின்ற இடத்தில் மற்றவர் நிற்க முடியாமற் போன அந்த இடைவெளியில்தான் நம் சரித்திரத்தின் பல ஐயங்கள் இன்றும் தீராமல் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பையும் மேற்கோளையும் மட்டும் நம்புவதால் நேரும் விபரீதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தியா ஆண்டுதோறும் ரோமாபுரியின் செல்வத்தை உறிஞ்சியது என்று லத்தீன் ஆசிரியர் பிளினி வருந்தினார் என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவருடைய இயற்கை வரலாற்றில் இச்செய்தி ஒன்றல்ல, இரண்டு இடங்களில் வருகிறது. ஆறாம் புத்தகத்தில், இந்தியா மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்குக் குறையாமல் பெறுகிறது என்கிறார். பன்னிரண்டாம் புத்தகத்தில், இந்தியா, சீனம், அரேபியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 10 கோடி என்கிறார். முன்னதில் கடல்வழியை விவரிக்கும் பூகோளாசிரியராகப் பேசுகிறார். பின்னதில், வாசனைத் திரவியங்களைப் பற்றிச் சொல்லி வருகையில், ஆடம்பரத்தைக் கண்டிக்கும் நீதிமானாகப் பேசுகிறார். மூலத்தைப் படிக்காதவர் இரண்டையும் ஒன்றாக்கி, 10 கோடியும் தமிழகத்துக்கே வந்தது என்று எழுதிவிடுகிறார். பிளினியின் தொகைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வேறு வழக்கு. அவ்வழக்கில் வாதிடுவதற்கும் முதலில் அவர் வாக்கியத்தைப் படித்திருக்க வேண்டும்.

1985-ஆம் ஆண்டில் பதிப்பிக்கப்பெற்று இப்போது வியன்னா நகரில் உள்ள பாபிரஸ் ஏடு ஒன்றை இங்கே கூறாமல் விடுவதற்கில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட அவ்வேட்டின் ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்துக்காகச் செய்துகொண்ட கடன் உடன்படிக்கையின் பகுதியும், மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற மரக்கலம் கொண்டுவந்த சரக்கின் மதிப்பும் காணப்படுகின்றன. ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் பெறும் என்று அக்கணக்கு காட்டுகிறது. பொன்னோடு வந்து மிளகோடு பெயரும் யவனர் கலங்களை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடினார். அக்கலங்களுள் ஒன்றின் கணக்குப் புத்தகமே நமக்குக் கிடைத்துவிட்டது என்றால், அது தமிழருக்கு எத்தகைய பாக்கியம்! செங்கடல் துறையான மியோஸ் ஹார்மோஸிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிச் சென்றதாகக் கிரேக்க ஆசிரியர் ஸ்டிராபோ எழுதினார். அத்துறை இருந்த இடமாக இன்று கருதப்படும் குசேர் அல்-கதீமில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் அவ்வெழுத்தைக் கண்டு பெருமிதம் கொள்ளும் புதுக்கோட்டை மாணவன், அதே எழுத்து செங்கடற்கரையில் யாருடைய ஊரில் கிடந்தது என்று அறிய வேண்டாமா?

இனி, இப்படிப்பின் தன்மையைச் சிறிது சொல்ல வேண்டும். லத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து வகுப்பாகப் பிரிந்து, ஆறு வேற்றுமைகளை ஏற்கின்றன. கிரேக்கத்தில் வேற்றுமை ஐந்தாயினும் வினையின் விகற்பங்கள் மிகுதி. ஒருமை பன்மையோடு இருமையும் உண்டு. ஆங்கிலச் சிறுவனுக்கு இவையெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் தோன்றும். எட்டு வேற்றுமையைத் தொல்காப்பியத்தில் பயின்று, எழுவாயும் பயனிலையும் செய்யுளில் எட்ட எட்டக் கிடப்பினும் கொண்டுகூட்டிப் பொருள் காணப் பழகிய தமிழ் மாணவனுக்கோ அவ்வளவு மலைப்பு ஏற்படாது. லத்தீன் கவி வர்ஜிலின் ஓரடியில் பெயரடை முதலிலும் அதற்குரிய பெயர் இறுதியிலும் நிற்கும்போது, வேற்றுமை முடிபால் அவற்றை இணைத்துப் பொருள் காணும் முறை, நச்சினார்க்கினியர் மாட்டெறிந்து பொருள் காட்டும் துணிவை அறிந்தவனுக்கு அந்நியமானதன்று. உரையோடு மூலத்தைப் படிக்கும் வழக்கமும் இரு திறத்தாருக்கும் பொது. பரிமேலழகர் இன்றித் திருக்குறளை நாம் படிப்பதில்லை. அவ்வாறே வர்ஜிலைக் கற்போர் செர்வியஸின் பழைய உரையை நாடுகின்றனர். அலெக்ஸாந்திரிய நூல்நிலையப் பண்டிதர்கள் ஹோமரின் பாடங்களை ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய அடிகளுக்குக் குறியிட்டு வைத்தார்கள். ஐரோப்பியர் அத்தொழிலைப் பிற்காலத்தில் நுட்பமான சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராகத் திரிந்து, 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர், அந்த சாஸ்திரத்தை எவரிடமும் பாடம் கேளாமலே, தம் பொறுமையாலும் மதி நுட்பத்தாலும் பெரும்பாலும் கைவரப் பெற்றார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

இளமையிலேயே தொடங்கினாலன்றி இவ்விரு பாஷைகளும் வாரா என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. ஆக்ஸ்போர்டில் இப்பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு, கேம்பிரிட்ஜில் மூன்றாண்டு, பள்ளியில் லத்தீன் படியாமல் வருபவருக்கு அங்கேயே நான்காண்டு வகுப்பும் நடைபெறுகிறது. ஆகவே பதினெட்டு வயதில் முதல் எழுத்தைத் தொடங்குகிறவரும் பட்டம் பெறுகிறார். 1911-இல் தொடங்கிய லோப் வரிசையில், ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் வந்துவிட்டன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் அமைத்த 'பெர்சியஸ்' மின்னூலகத்தில் மூலங்களும் அகராதிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புத்தகம் இல்லை என்ற சமாதானத்துக்கு இக்காலத்தில் இடமில்லை.

ஆயினும், இவ்விரு பாஷைகளின்பால் நம்மவருக்கு ஏற்பட்ட வெறுப்புக்கும் நியாயமான காரணம் இருந்தது என்பதை மறைக்கலாகாது. இந்தியச் சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு மெக்காலே குழுவினர் 1854-இல் வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750 மதிப்பெண்கள். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு இந்தியாவின் பழம் பாஷை, ஐரோப்பியப் பழம் பாஷையில் பாதி மதிப்பே பெற்றது. தமிழ் அக்கணக்கிலேயே சேரவில்லை. சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய காலத்தில் லத்தீனும் கிரேக்கமும் மாணவர் தேர்ந்தெடுக்கத்தக்க பாஷைகளாக இருந்தன. அரசியல் ஆதிக்கத்தின் சின்னமாக வந்த அவை, அந்த ஆதிக்கம் தளர்ந்தபோது நம் வகுப்பறைகளை விட்டு நீங்கின. இன்று கிறித்தவ குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் வேதாகமப் பயிற்சிக்காக அவை கற்பிக்கப்படுகின்றன; அதற்கு வெளியே நம் பல்கலைக்கழகங்களில் அவற்றுக்கென நிலைபெற்ற துறை ஒன்று இல்லை. அநீதியான மதிப்பெண்ணை நாம் எதிர்த்தது முற்றிலும் சரி. பாஷைகளையே கைவிட்டது சரியன்று.

அந்தச் சிவில் சர்வீஸ் பரீட்சையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் மிகச் சிறந்து விளங்கி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்று, 1892-இல் அவ்விரு பாஷைகளுக்குரிய தேர்வின் முதற் பகுதியில் முதல் வகுப்பில் தேறிய ஓர் இந்தியர், தம் வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளை, 1910 முதல் 1950 வரை, தமிழ் நிலமாகிய புதுச்சேரியில் கழித்தார். ஸ்ரீ அரவிந்தரையே குறிப்பிடுகிறேன். ஆங்கிலேயரின் ஆட்சியை எதிர்ப்பதற்கு ஹோமரை மறக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. டிராய் நகரத்தின் கதையை ஹோமருடைய சந்தத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு காவியமாக எழுத முயன்றார்.

லத்தீன் நம் மண்ணில் வேறொரு வழியாகவும் வேரூன்றியது. இந்த ஜில்லாவின் ஆவூரில் பெரியநாயகி மாதா ஆலயம் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த யேசு சபைக் குருமார்களுக்கு அவ்வூர் ஒரு முக்கிய நிலையமாக இருந்தது. வீரமாமுனிவரும் அங்கே பணி புரிந்தார். தேம்பாவணியைத் தமிழில் பாடிய அதே முனிவர், கொடுந்தமிழ் இலக்கணத்தையும் செந்தமிழ் இலக்கணத்தையும் லத்தீனில் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். பிறகு கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியப் பாதிரியார் செய்த குறள் மொழிபெயர்ப்பும் 1865-இல் லத்தீனிலேயே வெளிவந்தது. தமிழ்ப் பேச்சு வழக்கு அந்நாளில் எப்படி இருந்தது என்பதற்கு வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் தருவது போன்ற சாட்சி வேறெங்கும் எளிதிற் கிடைப்பதன்று. அதைத் தமிழ் எம்.ஏ. மாணவர்களில் எத்தனை பேர் மூலத்தில் திறந்து பார்த்திருக்கிறார்கள்? 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, இந்நாட்டு வழக்கங்களைக் குறித்து 1613-இல் லத்தீனில் எழுதிய விளக்கத்தை, சே. ராஜமாணிக்கம் அடிகள் என்ற யேசு சபைத் தமிழறிஞர் 1972-இல் பதிப்பித்தார். மலையாள நாட்டாரின் செயல் இதனினும் பெரிது. மலபார் மூலிகைகளைப் பற்றி வான் ரீட் என்ற டச்சு ஆளுநர் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக லத்தீனில் வெளியிட்ட 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலை, தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் பெயர்த்து, கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 2003-இல் உலகுக்கு அளித்தார். தம் நாட்டுச் செடிகளைத் தாமே அறிய வேண்டும் என்ற உறுதியே அவரை லத்தீனுக்கு அழைத்துச் சென்றது.

தமிழும் இப்பாஷைகளும் ஒரே உள்ளத்தில் கூடினால் என்ன விளையும் என்பதை அறிய, நம்மவரிலேயே இருவர் இருக்கின்றனர், இருவரும் ஈழத்தவர். ரோமாபுரியில் குருத்துவக் கல்வி பயின்று, கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற சேவியர் தனிநாயகம் அடிகள், அதன் பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார். சங்கச் செய்யுளின் இயற்கையை அவர் விளக்கும்போது, கிரேக்க லத்தீன் கவிஞர்கள் இயற்கையைக் கண்ட விதம் அவருக்கு ஓர் அளவுகோலாக உதவியது; தமிழின் திணைப் பாகுபாடு எத்தனை தனித்தன்மை வாய்ந்தது என்பது அவ்வொப்புமையால்தான் நமக்குத் தெளிவாயிற்று. மற்றவர் க. கைலாசபதி. அவர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியரான ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ச்சி செய்து, ஹோமரின் வீரயுகப் பாடல்களோடு புறப்பாடல்களை ஒப்பிட்டு எழுதிய நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. அவர் முடிவுகளை ஏற்காதோர் உண்டு. நானும் வாய்மொழிப் பாடல் என்ற கொள்கையைச் சங்கச் செய்யுளுக்கு முழுவதும் பொருத்துவதை ஒப்புவதில்லை. எனினும், அந்த நூலுக்குப் பின் புறநானூற்றைப் பழைய மாதிரி படிக்க இயலாது. பாக் நீரிணைக்கு அப்பால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. மணமேல்குடிக் கரையிலிருந்து பார்த்தால் இலங்கை நமக்கு அண்டை நாடு. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

இப்படிப்பால் உத்தியோகம் கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள்; அக்கேள்வியை அற்பமென்று தள்ள எனக்கு உரிமையில்லை. நூற்றுக்கணக்கானவர் இதைப் படிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் போதும். தொல்லியல் துறைக்கும், அருங்காட்சியகங்களுக்கும், சுவடி நிலையங்களுக்கும், வரலாற்றுத் துறைகளுக்கும் அத்தகையோர் தேவைப்படுவர். பொற்பனைக்கோட்டையிலும் பிற இடங்களிலும் மண்ணை அகழ நாம் செலவிடும் பொருளோடு ஒப்பிட்டால், ஏடுகளை அகழ்வதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தஞ்சையில் தமிழுக்கென்றே 1981-இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. தமிழிலோ வரலாற்றிலோ இளங்கலைப் பட்டம் பெற்றவர் சேரத்தக்க நான்காண்டுப் படிப்பொன்றை, முதலாண்டில் லத்தீனும் இரண்டாமாண்டு முதல் கிரேக்கமும் தொடங்கும்படி, அங்கே அமைக்கலாம். காசுகளின் எழுத்தும், பெரிப்ளூஸும், பிளினியின் ஆறாம் புத்தகமும், வீரமாமுனிவரின் இலக்கணங்களும் கட்டாயப் பாடங்களாதல் வேண்டும். பட்டம் பெறுமுன் ஒவ்வொருவரும் ஒரு மூலத்தின் பகுதியை நேரே தமிழாக்கி உரை எழுதித் தர வேண்டும். இதற்கு முதலில் வேண்டுவது ஓர் ஆசிரியருக்குரிய பதவியும், இரண்டு மாணவருக்குரிய உதவிச் சம்பளமும். அவற்றை அளிக்கும் அறக்கட்டளை, ரோமப் பொன் கிடைத்த இந்த ஜில்லாவின் பெயராலேயே அமைவது மிகவும் பொருத்தம். கொடுக்கும் வசதி படைத்த பெருமக்களும் கற்கும் ஆற்றல் படைத்த இளைஞர்களும் இந்த அவையிலேயே வீற்றிருக்கிறீர்கள். இவ்வாண்டு முடிவதற்குள் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் பல்கலைக்கழகத்தாரிடம் சேர்ப்பிக்க ஒரு குழு அமையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.